விண்டோஸ் 10ல இருந்து 11க்கு மாறும்போது எங்க சிக்குது? அறிகுறியைப் பாத்து சரி பண்ற வழி

விண்டோஸ் 10க்கு வழக்கமா வந்துட்டு இருந்த செக்யூரிட்டி அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. அதனால கம்ப்யூட்டர் நின்னுடாது, எப்பவும் போல ஓடும், ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்கன்னா கடைசிப் பகுதில சொல்ற நீட்டிப்புல சேரலன்னா அதை அடைக்க யாரும் வரமாட்டாங்க, வீட்ல அதே மெஷின்லதான் பேங்க் வேலையும் கரண்ட் பில்லும் பசங்க காலேஜ் அப்ளிகேஷனும் நடக்குதுங்கறதால இதை தள்ளிப் போடக் கூடாது. ஆனா அவசரப்பட்டு புது மெஷின் வாங்கவும் வேண்டாம். "உங்க பிசி இதுக்கு ஒத்துவராது"ன்னு ஸ்கிரீன்ல ஒரு வரி வந்ததும் கடைக்குப் போய் முப்பதாயிரம் நாப்பதாயிரம் கொடுத்துட்டு வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு அதுதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. அந்த வரி வர்றதுக்கு மெஷின் பழசா இருக்கறது ஒரு காரணம்தான், மத்ததெல்லாம் உள்ள அணைச்சு வச்சிருக்கற செட்டிங். அதனால கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்களுக்கு என்ன வருதோ அங்க நேரா போங்க.

ஆனா அடுத்த பகுதிய மட்டும் எல்லாரும் படிங்க.

எதையும் தொடறதுக்கு முன்னாடி

ஃபோட்டோ, டாக்குமெண்ட், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் நாலையும் வெளிய ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணுங்க. டி டிரைவ்ல வச்சிருக்கேனேன்னு சொல்லாதீங்க, பெரும்பாலும் சியும் டியும் ஒரே டிஸ்க்கோட ரெண்டு பாகம்தான், போனா ரெண்டும் சேந்து போகும்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது சாவி இல்லாம டிஸ்க்ல இருக்கறதை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. லேப்டாப்ல இது உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகி இருக்கலாம், ஹோம் எடிஷன்ல டிவைஸ் என்கிரிப்ஷன்னு பேர் இருக்கும். செட்டிங்ஸ்ல தேடிப் பாருங்க, ஆன்ல இருந்தா 48 இலக்க ரிகவரி கீ ஒண்ணு இருக்கும், உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேவ் ஆகியிருக்கும், அதை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அதே கம்ப்யூட்டர்ல நோட்பேட்ல வச்சா பிரயோஜனம் இல்ல.

டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர் வச்சிருக்கறவங்க, ஃபார்மேட் பண்ணப் போறீங்கன்னா லைசென்ஸை முதல்ல சரண்டர் பண்ணிடுங்க. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வச்சு ஜிஎஸ்டி ஃபைல் பண்றவங்க ரிட்டர்ன் கடைசி தேதி வாரத்துல இதை ஆரம்பிக்கவே வேண்டாம். டெஸ்க்டாப்ல யூபிஎஸ் இல்லாதவங்க அன்னிக்கு உங்க ஏரியாவுல மாதாந்திர பராமரிப்பு மின்தடை இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க, பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி மெஷினை எழுப்பி விடற, போர்டுலயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் ஓடும்போது கரண்ட் போனா போர்டே போயிடலாம். லேப்டாப்னா சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

அறிகுறி: "இந்த பிசி விண்டோஸ் 11க்கு தகுதி இல்ல"ன்னு வருது

இந்த மெசேஜ்க்கு கீழ சின்னதா காரணம் போட்டிருக்கும், அதைப் படிங்க. இல்லன்னா மைக்ரோசாஃப்ட்டோட பிசி ஹெல்த் செக்ங்கற ஆப்பை போட்டு ஓட்டுங்க, ஒவ்வொண்ணா டிக்கும் கிராஸும் காட்டும். ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபிங்கறதுல பெரும்பாலும் யாரும் மாட்டறதில்ல (4 ஜிபில ஓடும், ஆனா நிம்மதியா ஓடாது, 8 போடுங்க). சிக்கறது மூணு இடத்துல.

ஒண்ணு பிராசஸர். இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் எடுக்கும், ஏழுல ரொம்பக் கொஞ்சம் மாடல்தான் விதிவிலக்கு. உங்களோடது எதுன்னு எண்ணைப் பாத்தே சொல்லிடலாம்: ஐ5 7400ன்னா ஏழு, ஐ5 8250ன்னா எட்டு, 10400ன்னா பத்து, நாலு இலக்கமா இருந்து 1ல ஆரம்பிச்சா முதல் ரெண்டு எண்ணை எடுத்துக்கோங்க, ஐ3 1115ன்னா பதினொண்ணு. ஏஎம்டில ரைசன் 2000 சீரிஸ்ல கொஞ்சம், 3000க்கு மேல பெரும்பாலானது. எட்டாவது ஜெனரேஷன் சந்தைக்கு வந்ததே 2017 கடைசிலதான், அதனால அதுக்கு முன்னாடி வாங்கின மெஷின்னா பிராசஸர்தான் காரணம், கடைசிப் பகுதிக்குப் போங்க. அப்புறம் வாங்கினதுன்னா இன்னும் நம்பிக்கை விடாதீங்க.

ரெண்டாவது டிபிஎம் 2.0. பாஸ்வேர்ட், என்கிரிப்ஷன் சாவி மாதிரி ரகசியங்களைத் தனியா பூட்டி வச்சுக்கற பகுதி இது. விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் சேத்து அழுத்தி டிபிஎம் டாட் எம்எஸ்சின்னு டைப் பண்ணுங்க. "கம்பேட்டிபிள் டிபிஎம் கிடைக்கல"ன்னு வந்தா பயந்து தனி சிப் வாங்க ஓடாதீங்க, இன்டெல்ல பிடிடிங்கற பேர்லயும் ஏஎம்டில எஃப்டிபிஎம்ங்கற பேர்லயும் பிராசஸர் பக்கமே அது இருக்கு, அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப் போர்டுகள்ல ஆஃப்ல இருக்கும் அவ்ளோதான். ரீஸ்டார்ட் பண்ணி டெலீட் பட்டனையோ எஃப்2வையோ தட்டிட்டே இருந்து பயாஸ் உள்ள போங்க, அட்வான்ஸ்டு, செக்யூரிட்டி, டிரஸ்டெட் கம்ப்யூட்டிங், இந்த மூணு மெனுவுக்குள்ள எங்கயாவது இருக்கும், எனேபிள் பண்ணி சேவ் பண்ணுங்க. பிட்லாக்கர் ஆன்ல இருக்கறவங்க பயாஸ் உள்ள போறதுக்கு முன்னாடி அதை சஸ்பெண்ட் (தற்காலிகமா நிறுத்தம்) பண்ணிட்டுப் போங்க.

மூணாவது செக்யூர் பூட், மெஷின் ஆன் ஆகும்போது நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் ஓட விடற பாதுகாப்பு. இதுதான் நம்ம ஊர் அசெம்பிள் மெஷின்கள்ல நிறைய நேரம் எடுக்கற இடம், கொஞ்சம் நிதானமா படிங்க.

சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் மோடுன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க. யுஇஎஃப்ஐன்னு (பயாஸோட புது வடிவம்) இருந்தா வேலை சுலபம், பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆன் பண்ணினா போதும். லெகஸின்னு இருந்தா உங்க டிஸ்க் எம்பிஆர்ங்கற பழைய முறைல பிரிச்சிருக்குன்னு அர்த்தம், அதை ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தணும். நிறைய பேர் சொல்ற வழி "ஃபார்மேட் பண்ணிடு". தேவையே இல்ல, விண்டோஸ் உள்ளயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு கருவி இருக்கு, டேட்டா அழியாம மாத்திக் கொடுக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினா திறந்து அந்தப் பேரை அடிச்சு, ஸ்லாஷ் வேலிடேட், ஸ்லாஷ் அலவ்ஃபுல்ஓஎஸ்னு சேத்து ஓட்டினா முதல்ல மாத்த முடியுமான்னு மட்டும் சோதிக்கும். சரின்னு வந்தா வேலிடேட் இடத்துல கன்வெர்ட்னு போட்டு ஓட்டுங்க. அது முடிஞ்ச *பிறகுதான்* பயாஸ்ல போய் லெகஸி அல்லது சிஎஸ்எம்ங்கற பழைய பூட் முறையை அணைச்சு யுஇஎஃப்ஐ ஆக்கி, செக்யூர் பூட்டை ஆன் பண்ணணும். வரிசை முக்கியம்.

வேலிடேட் ஃபெயில் ஆனா? கடைல அசெம்பிள் பண்ணும்போது சி, டி, இ, எஃப்னு நாலஞ்சா பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க, அதுல டிக்கு அப்புறம் வர்றதெல்லாம் பெரும்பாலும் எக்ஸ்டெண்டட்னு ஒரு பெரிய பார்ட்டிஷனுக்குள்ள (டிஸ்க்கோட பாகத்துக்குள்ள) லாஜிக்கல்ங்கற உள்பாகங்களா போட்டிருப்பாங்க. இந்தக் கருவி பிரைமரி பார்ட்டிஷன் மூணு வரைக்கும்தான் ஏத்துக்கும், லாஜிக்கல் ஒண்ணு இருந்தாலும் முடியாதுன்னுடும். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்க, பச்சைக் கட்டத்துக்குள்ள இருக்கறது எக்ஸ்டெண்டட். அதுல இருக்கற ஃபைல் எல்லாத்தையும் வெளி டிஸ்க்குக்கு மாத்தி, சரியா வந்திருக்கான்னு ரெண்டு மூணு வீடியோ ஃபோட்டோ திறந்து பாத்துட்டு, அப்புறம் அந்த லாஜிக்கல் பார்ட்டிஷன்களையும் எக்ஸ்டெண்டட்டையும் டெலீட் பண்ணிட்டு திரும்ப வேலிடேட் ஓட்டுங்க. கன்வெர்ட் ஆனதுக்கு அப்புறம் காலி இடத்துல அந்த டிரைவ்களை மறுபடி உருவாக்கிக்கலாம்.

அறிகுறி: பயாஸ்ல மாத்தினதும் "பூட் டிவைஸ் இல்ல"ன்னு வருது

ஜிபிடிக்கு மாத்தாமலே யுஇஎஃப்ஐ போட்டுட்டீங்க. ஒண்ணும் அழியல. திரும்ப பயாஸ் போய் லெகஸி அல்லது சிஎஸ்எம் ஆன் பண்ணுங்க, பழையபடி வரும், மேல சொன்ன வரிசைல ஆரம்பிங்க. மாத்தின பிறகும் இப்படி வந்தா பூட் ஆர்டர்ல விண்டோஸ் பூட் மேனேஜர்னு இருக்கறதை முதல்ல வைங்க. சாட்டா மோடுங்கற செட்டிங்கை மட்டும் தொடாதீங்க, அதை மாத்தினா விண்டோஸ் நீலத் திரையோட நிக்கும், வேற பிரச்சனைன்னு நினைச்சு அலைவீங்க.

அறிகுறி: சிஎஸ்எம் அணைச்சதும் ஸ்கிரீன் கருப்பா இருக்கு, ஃபேன் மட்டும் சுத்துது

பழைய கிராஃபிக்ஸ் கார்டா இருக்கும், யுஇஎஃப்ஐ முறைல படம் காட்டத் தெரியாத கார்டு. மானிட்டர் கேபிளை கார்டுல இருந்து கழட்டி போர்டுலயே இருக்கற எச்டிஎம்ஐல மாட்டிப் பாருங்க. போர்டுல டிஸ்ப்ளே போர்ட் இல்லன்னா, பிளக்கைப் பிடுங்கிட்டு போர்டுல இருக்கற வட்ட பேட்டரியை சில நிமிஷம் கழட்டி வச்சு மாட்டினா பயாஸ் பழைய செட்டிங்குக்கு வந்துடும்.

அதே பேட்டரி பத்தி இன்னொண்ணு. மெஷினை ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னாடி போகுது, எந்த வெப்சைட் திறந்தாலும் பாதுகாப்பு இல்லன்னு சொல்லுது, நேத்து ஆன் பண்ணின டிபிஎம் இன்னிக்கு ஆஃப்ல இருக்குன்னா அந்த சிஆர்2032 பேட்டரி செத்துப் போச்சு. வாட்ச் கடைலயே கிடைக்கும், அதை மாத்தாம மேல போகாதீங்க.

அறிகுறி: நீலக் கலர்ல ரிகவரி கீ கேக்குது

பயாஸ்ல ஏதோ மாறியிருக்குன்னு பிட்லாக்கர் கண்டுபிடிச்சு கேக்குது, வைரஸ் இல்ல. எழுதி வச்ச 48 இலக்கத்தை அடிங்க. எழுதி வைக்கலன்னா ஃபோன்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் உள்ள போய் டிவைசஸ் பகுதில ரிகவரி கீ பாருங்க, ஸ்கிரீன்ல காட்டற கீ ஐடியும் அங்க இருக்கற ஐடியும் ஒண்ணா இருக்கணும். வீட்ல வேற யாரோட அக்கவுண்ட்ல முதல்ல செட்டப் பண்ணினீங்களோ அவங்க அக்கவுண்ட்லயும் தேடுங்க. அங்கயும் இல்லன்னா பயாஸ்ல மாத்தினதை அப்படியே பழையபடி வச்சுப் பாருங்க, பல தடவை கேக்காம திறந்துடும். இதெல்லாம் முடியாம யாராவது காசு கொடுத்தா உடைச்சுத் தரேன்னு சொன்னா நம்பாதீங்க, கீ இல்லாம அந்த டேட்டாவை எடுக்க வழி இல்ல.

பின் நம்பர் மட்டும் வேலை செய்யலன்னா, அது டிபிஎம்லதான் பூட்டியிருந்தது, அதனால போச்சு. பாஸ்வேர்ட் போட்டு உள்ள போய் புது பின் வச்சுக்கோங்க.

அறிகுறி: பர்சன்டேஜ் ஒரே இடத்துல நிக்குது

பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்னா மணிக்கணக்குல நிக்கும், அது சகஜம். டிஸ்க் லைட் மினுக்கிட்டு இருந்தா தொடாதீங்க, ராத்திரி போட்டுட்டு தூங்குங்க. காலைல எழுந்தும் அதே நம்பர், லைட்டும் அசையலன்னா அப்ப பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சு போடலாம், பெரும்பாலும் தானே பழைய 10க்கு திரும்பிடும். நடுவுல கரண்ட் போனாலும் இதேதான், ஆன் பண்ணினா விட்ட இடத்துல தொடரும் இல்லன்னா பின்னாடி போகும், ரெண்டுமே இல்லன்னா யூஎஸ்பில இன்னொரு கம்ப்யூட்டர் மூலமா மீடியா கிரியேஷன் டூல் போட்டு அதுல ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டுங்க.

அறிகுறி: எர்ரர் நம்பரோட பழைய விண்டோஸுக்கே திரும்பிடுது

நம்பரை ஃபோட்டோ எடுத்துக்கோங்க, அதுலதான் விஷயமே இருக்கு.

சி1900101ன்னு ஆரம்பிச்சா டிரைவர் பிரச்சனை. பின்னாடி இன்னொரு நம்பர் ஒட்டியிருக்கும், அது 2ல ஆரம்பிச்சா விண்டோஸ் மாறறதுக்கு முன்னாடியே விழுந்திருக்கு, 3ன்னா முதல் ரீஸ்டார்ட்ல, 4ன்னா ரெண்டாவதுல. எதுவா இருந்தாலும் முதல் வைத்தியம் ஒண்ணுதான்: கீபோர்ட், மவுஸ், மானிட்டர் தவிர எல்லாத்தையும் கழட்டுங்க, பிரிண்டர், பென் டிரைவ், வெப்கேம், டாங்கிள் எல்லாம். வெளில வாங்கின ஆன்டிவைரஸை டிஸேபிள் பண்ணாம அன்இன்ஸ்டால் பண்ணுங்க, உள்ளயே இருக்கற டிஃபெண்டர் அதுவரைக்கும் பாத்துக்கும். டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் எங்க இருக்கோ அந்த டிரைவரை மெஷின் கம்பெனி சைட்ல இருந்து புதுசா போடுங்க. டிரைவர் அப்டேட்டர்னு விளம்பரத்துல வர்ற சாஃப்ட்வேர் எதையும் போடாதீங்க.

80070070ன்னா சி டிரைவ்ல இடம் இல்ல. 800எஃப்0922ன்னு வந்தாலோ, சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் பண்ண முடியலன்னு வந்தாலோ சியை எவ்வளவு காலி பண்ணினாலும் தீராது, கண்ணுக்குத் தெரியாத 100 எம்பி பார்ட்டிஷன் ஒண்ணு நிரம்பியிருக்கலாம். யுஇஎஃப்ஐ மெஷின்ல அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல மவுண்ட்வால் ஒய்: ஸ்லாஷ் எஸ்னு அடிச்சா அது ஒய் டிரைவா தெரியும், அதுக்குள்ள இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட், ஃபாண்ட்ஸ்னு போய் அந்த ஃபாண்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கறதை மட்டும் டெலீட் பண்ணுங்க, பக்கத்து ஃபோல்டர் எதையும் தொடாதீங்க, தொட்டா பூட் ஆகாது.

சி1900208ன்னா ஏதோ ஒரு பழைய புரோகிராம் தடுக்குது, பழைய ஆன்டிவைரஸ் மாதிரி ஏதாவது இருக்கான்னு பாத்து எடுங்க.

எந்த நம்பரும் இல்லாம திரும்பத் திரும்ப விழுந்தா, கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களை சரி பண்ற டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த், அப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், இந்த ரெண்டு கமாண்டையும் இந்த வரிசைல ஓட்டிட்டு, விண்டோஸ் அப்டேட் வழியா போகாம விண்டோஸ் 11 முழுசும் அடங்கின ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் பண்ணி டபுள் கிளிக் பண்ணி செட்டப் ஓட்டுங்க. என் அனுபவத்துல இந்த வழி நிறைய தடவை காப்பாத்தியிருக்கு. அப்புறம், பழைய மெஷின்ல 32 பிட் விண்டோஸ் 10 போட்டிருந்தா நேரா மாறவே முடியாது, 11 வெறும் 64 பிட் மட்டும்தான், ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும்.

அறிகுறி: மாறிடுச்சு, ஆனா ஆமை வேகம்

முதல் ரெண்டு நாள் பின்னாடி நிறைய வேலை ஓடும், விடுங்க. அதுக்கப்புறமும் டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 பர்சன்ட்லயே நின்னா, சுத்தற ஹார்ட் டிஸ்க்தான் காரணம், எந்த செட்டிங்கும் உதவாது. எஸ்எஸ்டி (சுத்தற பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்க. இந்த அப்கிரேடுக்கு ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்குன்னா அது எஸ்எஸ்டிக்குத்தான் போகணும். வாங்கும்போது கவனம், எம்.2 ஸ்லாட் இருக்குன்னு மட்டும் பாத்து வாங்கிடாதீங்க, அது சாட்டா எடுக்குமா என்விஎம்இ எடுக்குமான்னு லேப்டாப் மாடல் நம்பரைப் போட்டு உறுதி பண்ணிட்டு வாங்குங்க, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்.

அறிகுறி: பழைய தமிழ் ஃபைல் எல்லாம் கிறுக்கலா தெரியுது

அப்பா டைப் பண்ணின கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பத்திர நகல், திறந்தா ஆங்கில எழுத்தும் செமிகோலனும் கலந்து வருதா? ஃபைல் கெடல. அது பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சது, அந்த ஃபாண்ட் ஃபார்மேட் பண்ணும்போது போயிடுச்சு. ஃபார்மேட் பண்ணாம மேலயே அப்கிரேடு பண்ணினவங்களுக்கு ஃபாண்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதனாலதான் தேவையில்லாம ஃபார்மேட் வேண்டாம்னு சொல்றேன். ஃபார்மேட் பண்ணியே ஆகணும்னா சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபாண்ட்ஸ் முழுசையும் முன்னாடியே காப்பி எடுத்து வைங்க. போனது போச்சுன்னாலும் அந்த ஃபாண்ட்டைத் தேடிப் போட்டா எழுத்து திரும்ப வரும், நிரந்தரமா தீரணும்னா என்எச்எம் கன்வெர்ட்டரோ பொங்குதமிழோ வச்சு யூனிகோடுக்கு மாத்திடுங்க, ஒரு தடவை உட்கார்ந்து பண்ணிட்டா அடுத்த கம்ப்யூட்டர்லயும் ஃபோன்லயும் அப்படியே திறக்கும்.

லதா ஃபாண்ட் காணோம்னா ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ல தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்னு இருக்கும், அதைச் சேருங்க. கீபோர்டுக்கு லாங்குவேஜ் செட்டிங்ஸ்ல தமிழைச் சேத்தா தமிழ்99, அஞ்சல், ஃபொனெடிக் எல்லாம் உள்ளயே கிடைக்குது, விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் அழுத்தி மாத்திக்கலாம். அழகியோ என்எச்எம் ரைட்டரோ பழகினவங்க அதையே வச்சுக்கோங்க, ஆனா அதை ஓட விட்டுட்டு விண்டோஸ் தமிழ் கீபோர்டையும் ஆன்ல வச்சா எழுத்து குழம்பும், டைப் பண்ணும்போது ஏதாவது ஒண்ணு போதும்.

அறிகுறி: டெஸ்க்டாப்ல இருந்த ஃபைல்கள் காணோம்

ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள டெஸ்க்டாப்னு இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அங்க போய் பாருங்க. புது செட்டப்ல பேக்கப் ஆன் ஆகி அங்க நகர்ந்திருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான், அதுக்கு மேல இருந்தா சிங்க் ஆகாம நிக்கும், ஃபைலை முதல்ல டிஸ்க்ல வேற இடத்துக்குக் காப்பி பண்ணிட்டு அப்புறம் அந்த பேக்கப்பை அணைங்க.

அறிகுறி: பிரிண்டரோ டோக்கனோ வேலை செய்யல, திரும்பிப் போயிடலாமான்னு தோணுது

டிரைவரை எடுத்துட்டு 64 பிட் டிரைவர் புதுசா போட்டுப் பாருங்க. முடியலன்னா செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரில கோ பேக்னு ஒரு பட்டன் இருக்கும், 10 நாள் வரைக்கும்தான். இன்னும் யோசிக்க நேரம் வேணும்னா அந்த 10 நாளுக்குள்ள டிஐஎஸ்எம் மூலமா செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோங்கற கமாண்ட் கொடுத்து 60 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம். இடம் பத்தலன்னு டிஸ்க் கிளீனப் ஓட்டி விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டரை அழிச்சுட்டா அந்த பட்டன் போயிடும்.

பிராசஸரே பழசுன்னா

ரூஃபஸ் மாதிரி கருவி வச்சு சோதனையைத் தாண்டி 11 போடற வழி இருக்கு, ஆனா வீட்ல பெரியவங்க பேங்க் வேலை பாக்கற மெஷின்ல அதைச் செய்யச் சொல்லி நான் சொல்லமாட்டேன். அப்படிப் போட்டா அடுத்தடுத்த அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் கொடுக்கல. விண்டோஸ் 11ல 24எச்2ங்கற வெர்ஷன்ல இருந்து ரொம்பப் பழைய பிராசஸர்கள்ல பூட்டே ஆகறதில்ல.

அவசரம் இல்லன்னா விண்டோஸ் 10க்கே இஎஸ்யுங்கற நீட்டிப்புல சேரலாம், 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். உங்க விண்டோஸ் 10 22எச்2 வெர்ஷன்ல இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேணும், செட்டிங்ஸை பேக்கப் பண்ணச் சம்மதிச்சா இலவசம். விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே என்ரோல்னு காட்டும். இது மூச்சு விட நேரம் கொடுக்கும், நிரந்தரம் இல்ல.

நிரந்தரமா வேணும்னா விண்டோஸுக்குப் பதிலா போடற இலவச சிஸ்டம் லினக்ஸ் மின்ட் 22. 2029 வரைக்கும் அப்டேட் வரும், 4 ஜிபி ரேம்லயே நல்லா ஓடும். தமிழ்நாட்டுல 2011ல இருந்து ஸ்கூல் காலேஜ் பசங்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப்கள்ல பாஸ் லினக்ஸ் விண்டோஸோட சேந்தே வந்துச்சு, அதனால லினக்ஸ்னா என்னன்னு நம்ம வீடுகளுக்கு புதுசு இல்ல. அந்தக் காலத்து லேப்டாப் இன்னும் பரண்ல இருந்தா 64 பிட்டான்னு பாத்துட்டு எஸ்எஸ்டி மாட்டி மின்ட் போடுங்க, பிரவுசர், யூட்யூப், லிப்ரே ஆஃபீஸ்ல பசங்க ப்ராஜெக்ட் எல்லாம் ஓடும். டேலி ஓட்டியே ஆகணும்னா, கையெழுத்து டோக்கன் கட்டாயம்னா அந்த மெஷினுக்கு மின்ட் சரிப்படாது, அவங்க மட்டும் புது மெஷினுக்கு காசு சேக்கலாம்.

மின்ட்டை இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவ்ல இருந்து ஓட்டிப் பாக்கலாம். அப்படி ஓட்டி வைஃபை, சவுண்டு, வீட்டு பிரிண்டர் மூணும் வேலை செய்யுதான்னு பாருங்க, மூணும் சரின்னா மட்டும் இன்ஸ்டால் அழுத்துங்க.